சிரிச்சுக்கொண்டு எடுத்த படங்கள்

உந்தக் கதிரையிலை இருக்காதேங்கோ மங்கை அக்கா, அதுக்கு ஒரு கால் ஆடும். இஞ்சாலை சோபாவிலை வாங்கோ. கோட்டைக் கழட்டித் தாங்கோ. என்ன, வந்த காலோடை போகப்போறியளோ? ஸ்காபரோவிலை இருந்து பஸ் ஏறி, சப்வே மாறி, கீழை லிப்டுக்குக் காத்து நிண்டு, பதினேழாம் மாடிக்கு வந்த மனிசி கார்ட்டை நீட்டிப்போட்டு ஓடுறதெண்டால் அதைத் தபாலிலையே போட்டிருக்கலாமே. இருங்கோ. தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிட்டன். என்னோடை வாடகைக்கு இருக்கிற பிள்ளையள் ரெண்டும் வேலைக்குப் போட்டுதுகள், வரப் பொழுதுபட்டுப்போடும். நாங்கள் ரெண்டு பேருந்தான்.

வாசலிலை என்னைக் கண்ட உடனை ஏன் உங்கடை முகம் அப்பிடிப் போனது? இல்லை, போனது. கதவைத் திறக்கச் சிரிச்சியள். பேந்து என்ரை நெத்தியைப் பாத்தியள். சிரிப்பு அப்பிடியே நிண்டுட்டுது. மெலிஞ்சிட்டன் எண்டோ? ஓம், அது உண்மைதான். பேக்கரியிலை வேலை அக்கா. லைனிலை மஃபின் வரும், ஆறு ஆறாப் பெட்டியிலை அடுக்கோணும், அவ்வளவுதான். நல்ல வேலை. ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை, கை தன்ரை பாட்டிலை செய்யும். முதல் மாசம் அந்த வாசம் பிடிச்சது, இப்ப ஒரு வாசமும் தெரியிறேல்லை.

தாங்கோ, கார்ட்டைப் பாப்பம். வடிவா அடிச்சிருக்கிறியள். வதனிக்குக் கலியாணமெண்டால் என்னாலை நம்ப ஏலாமல் கிடக்கு. மாப்பிள்ளை ஆர், உங்கை உள்ள பிள்ளையோ? இன்ஜினியரோ? நல்லது. அவள் இஞ்சை வந்து சேந்ததே பெரிய காரியம். தை மாசம் நல்ல மாசந்தான், குளிர்தான் கொஞ்சம் கொல்லும். இதென்ன, என்வலப்பிலை வெறுமனை ஜெயமலர் எண்டு எழுதியிருக்கு? ஊரிலை எல்லாருக்கும் திரு திருமதி போட்டுத்தானே எழுதுறது. எனக்கு எங்கடை அவர் நவரட்ணத்தின்ரை பேரைக் காணேல்லை. அட, பகிடிக்குக் கேட்டன் அக்கா, ஏன் பதறுறியள்? தங்கச்சி முறைக்கு உரிமையோடை எழுதினனீங்கள் எண்டு எடுக்கிறன்.

நான் கேக்க வந்தது வேறை. ஆராத்தி எடுக்க ஆரைக் கேட்டிருக்கிறியள்?

இல்லை, முடிவெடுக்கேல்லை எண்டால் நான் நினைவுபடுத்திறன். நீங்கள் எனக்கு வாக்குத் தந்தனீங்கள். எங்கை வைச்சு? இஞ்சை வாற வழியிலை, அம்போசெலிக் காட்டிலை, வானுக்குள்ளை. முன்னாலை ஆனைக் கூட்டம் றோட்டைக் கடக்குது, றைவர் முவாங்கி வானை நிப்பாட்டிப்போட்டு நிக்கிறான், நீங்கள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னியள், மலர், வதனிக்கு எண்டைக்குக் கலியாணம் நடந்தாலும் ஆராத்தித் தட்டு ஒரு பக்கம் உன்ரை கையிலைதான் எண்டு. ஆனைக்குட்டி தாயின்ரை வாலைப் பிடிச்சுக்கொண்டு போனதைப் பாத்துத்தான் உங்களுக்கு வதனியின்ரை நினைவு வந்தது. அவளை அம்மம்மாவோடை விட்டிட்டு வந்தனீங்கள், ஒரே அழுகை. நினைவிருக்கே? இருக்கும். வாக்குத் தந்த ஆள் மறந்தாலும் வாங்கின ஆள் மறக்காது எண்டு சொல்லுவினம்.

இருங்கோ, அல்பம் எடுத்துக்கொண்டு வாறன். படம் பாக்க நேரமில்லையோ? ரெண்டு வருஷத்துக்குப் பிறகு வாறியள், நாலு படம் பாக்க நேரமில்லையோ? இந்தாங்கோ தேத்தண்ணி. சீனி ரெண்டு கரண்டிதானே, எனக்குத் தெரியும்.

ரீவிக்கு மேலை நிக்கிற ஒட்டகச்சிவிங்கியைக் கண்டனீங்களே? நைரோபியிலை வேண்டினது. உங்களிட்டையும் ஒண்டு இருக்கோணும். நாலு பேருக்கும் நாலு ஒட்டகச்சிவிங்கி, கைப்பையிலை கழுத்து வெளியிலை தெரியத்தக்கதா வைச்சுக்கொண்டு போகோணும் எண்டெல்லோ எங்களை இஞ்சை அனுப்பின ஏஜென்சி அருள்நாயகம் சொன்னவர். அகதி ஆரும் மரத்திலை செய்த மிருகம் தூக்கிக்கொண்டு வரமாட்டான் எண்டு அவற்றை கணக்கு. அந்த மனிசன்ரை மூளையைச் சும்மா சொல்லப்படாது. தனி ஆம்பிளையளாப் போனால் அகதி, சோடியாப் போனால் சுற்றுலா. அதுதானே அவற்றை மந்திரம். அந்த மந்திரத்தாலைதானே நான் வந்தனான். எங்கடை அவர்தான் முதல் வாறதா இருந்தது. உங்களோடை வர இருந்த சிறீ அண்ணைக்குச் சோடி இல்லை, ஒரு பொம்பிளை வேணும், பொம்பிளையெண்டால் அரைவாசிக் காசுதான் எடுப்பன் எண்டு அருள்நாயகம் சொல்ல, இவர் இராவிராவா யோசிச்சுப்போட்டு, நீ முதல் போ மலர், அடுத்த குறூப்பிலை நான் வாறன் எண்டவர். சங்கக்கடை மனேச்சரெல்லே, எதையும் நிறுத்துப் பாத்துத்தான் செய்யிற மனிசன். ஸ்ரீஸ்கந்தராசா எண்ட ஆரோ ஒரு மனிசனுக்குப் பெண்சாதியெண்டு என்ரை பாஸ்போட்டிலை எழுதிக்கிடக்க, அதை வாங்கிப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு கட்டுநாயக்கா ஏர்போட்டிலை நிண்டவர்.

இந்தா, இது முதல் படம். பாருங்கோ உங்கடை அவரை, இராஜரட்ணம் அண்ணையை. தபாற்கந்தோரிலை முப்பது வருஷம் வேட்டியும் சேட்டுமா இருந்த மனிசன், காக்கிக் கழிசானும் தொப்பியும். முழங்காலைப் பாருங்கோ, வெள்ளை வெளேரெண்டு. சிரிக்காதேங்கோ, இல்லை சிரியுங்கோ, அண்டைக்கும் சிரிச்சனாங்கள்தானே. அருள்நாயகம் தந்த கமராவுக்கை பிலிம் இல்லை, கழுத்திலை தொங்கவிடத்தான். அண்ணைதான், சும்மா கிளிக் கிளிக் எண்டு அமத்திறதுக்கு ஒரு பிலிமைப் போடுவம் எண்டு வேண்டினவர். இல்லாட்டி இண்டைக்கு இந்த அல்பமும் இல்லை.

ஒவ்வொரு நாளும் காலமை முவாங்கி வானோடை வந்து நிப்பான். கூரையைத் தூக்கி விடுவான், நாங்கள் நாலு பேரும் எழும்பி நிண்டு தலையை வெளியாலை நீட்டிறது. பின்னேரம் சாப்பிடேக்கை அண்ணை பாடம் கேப்பார். ஏர்போட்டிலை கேட்டால் சொல்லோணுமெல்லே என்னென்ன பாத்தனீங்கள் எண்டு. சீற்றா எது, லெப்பேட் எது? சீற்றாவுக்குக் கண்ணிலை இருந்து வாய் மட்டும் கறுத்தக் கோடு. உங்களுக்கு அது கடைசி வரைக்கும் பிடிபடேல்லை. புள்ளி போட்ட எல்லாம் புலி எண்டு சொல்லிப்போட்டு, பேந்து வாயைப் பொத்தினியள், ஆரும் கேட்டாலும் எண்டு. அந்தரிச்சுப்போய்க் காட்டைச் சுத்திப் பாத்தியள். அங்கத்தை மசாய்காரன் ஆரும் ஆமியிட்டைச் சொல்லிக் குடுப்பான் எண்டு நினைச்சியளோ?

பக்கத்து மேசை ஜேர்மன் கிழவி கேட்டது நினைவிருக்கே? நீங்கள் ரெண்டு பேரும் ஹனிமூனோ எண்டு என்னையும் சிறீ அண்ணையையும் பாத்து. சிறீ அண்ணை வாய்க்குள்ளை உருளைக்கிழங்கோடை, யெஸ் யெஸ், செக்கன்ட் ரைம் எண்டார். நான் சாப்பாட்டைத் துப்பாத குறை. அதுக்குப் பிறகு என்னை மனிசி, மனிசி எண்டு கூப்பிட்டுப் பகிடி. இராவிலை நானும் நீங்களும் ஒரு கூடாரம், ஆம்பிளையள் ரெண்டு பேரும் மற்றக் கூடாரம். வெளியிலை ஏதோ கத்தும், நீங்கள் தேவாரம் படிப்பியள்.

குங்குமக் கதை? அதையும் சொல்லத்தான் வேணும். நைரோபி ஏர்போட்டிலை அந்தக் கஸ்ரம்ஸ்காரன் உங்கடை குங்குமப் பேணியைத் திறந்து, மணந்து பாத்து, தும்மி, அப்பிடியே குப்பைக்குள்ளை போட்டவன். நீங்கள் நாள் முழுக்க அபசகுனம், அபசகுனம் எண்டு புலம்பினியள். நான் என்ரை சிமிழைச் சட்டைக்குள்ளை செருகி வைச்சிருந்தபடியாலை அது தப்பிச்சுது. பொட்டு இல்லாமல் நிக்கவும் ஏலாது, அருள்நாயகத்தின்ரை கட்டளையெல்லே. கலியாணம் முடிச்ச சோடி எண்டு நெத்தியிலை எழுதி ஒட்டின மாதிரி, அதைக் கழட்டிப்போடாதேங்கோ எண்டவர். அதாலை ஒவ்வொரு நாளும் காலமை நீங்கள் கையை நீட்டுவியள், மலர், குங்குமம் எண்டு. விரல் நுனியாலை தொட்டு முதல் நெத்தியிலை, பிறகு தாலியிலை, பிறகு கண்ணை மூடி ரெண்டு சொல்லு. அதுக்குப் பிறகுதான் பல்லு விளக்கின வாயாலை என்னோடை கதைப்பியள்.

குடியுங்கோ, ஆறப்போகுது.

இனி வாறது எல்லாம் மற்றக் காட்டிலை, மாராவிலை எடுத்தது. இடையிலை ஒரு இரா நைரோபி ஹொட்டேலிலை நிண்டனாங்கள். நான் உடுப்புத் தோய்ச்சுக் கொண்டிருந்தன், சிறீ அண்ணை லண்டனிலை இருக்கிற தமையனுக்குப் போன் எடுக்கப் போறன் எண்டு போனவர். வர நேரம் செண்டுது. வந்த உடனை இராஜரட்ணம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு கீழை போனவர். பேந்து அண்ணை வந்து உங்களைக் கூப்பிட்டவர். நான் சவுக்காரத்தோடை நிண்டன். திரும்பி வந்து, தலையிடி எண்டு சொல்லிப் போத்துக்கொண்டு படுத்திட்டியள்.

அதுக்கு அடுத்த நாள் பயணம் நீட்டுக்கு எல்லாரும் என்னிலை நல்ல பட்சம். யன்னல் பக்கம் எனக்கு. முவாங்கிக்குப் பக்கத்திலை இருக்கச் சண்டை பிடிக்கிற சிறீ அண்ணை, நீர் இரும் பிள்ளை எண்டார். மனிசி எண்ட பகிடி நிண்டுட்டுது, பிள்ளை எண்டு வந்துட்டுது. ஒரு சோடாவை நாலாப் பங்கிடுற இராஜரட்ணம் அண்ணை எனக்குத் தனியா ஒரு மாம்பழச் சாறு வேண்டித் தந்தவர். கோவிக்காதேங்கோ, அண்ணையைத் தெரியும்தானே உங்களுக்கு. நானும் குடிச்சன். றோட்டு ஒரே புழுதி, தொண்டை வறண்டு கிடந்தது, குடிச்சன்.

இந்தப் படத்தைப் பாருங்கோ. நீங்களும் நானும், வானுக்கு முன்னாலை. அண்ணை சிரியுங்கோ சிரியுங்கோ எண்டு கத்த நாங்கள் சிரிக்கிறம். நல்லாத்தான் சிரிச்சிருக்கிறியள். உங்கடை பொட்டைப் பாருங்கோ. றோஸ் நிறம். என்ரை சிவப்பு, உங்கடை றோஸ். அது லிப்ஸ்ரிக்கெல்லே. ஹொட்டேல் வாசலிலை இருந்த கடையிலை வெளிக்கிட முதல் வேண்டினனீங்கள். வாழ்க்கையிலை முதலும் கடைசியுமா லிப்ஸ்ரிக் வேண்டினது, அதுவும் நெத்திக்கு. வெயிலுக்கு உருகி மூக்கடிக்கு வந்திட்டுது, லேஞ்சியாலை துடைச்சுத் துடைச்சுத் திரும்ப வைச்சியள்.

இது மசாய் கிராமம். சாணியாலை மெழுகின வீடு. எங்கடை ஆக்களுக்கு அதைக் காட்டக் காசோ எண்டு அண்ணை சொன்னவர், ஆனால் சிரிக்கேல்லை. பெடியள் நிண்ட நிலையிலை துள்ளினவங்கள். இந்தப் பொம்பிளை, கழுத்திலை மணி மணியாப் போட்டிருக்கிறா பாருங்கோ, அவ என்னட்டை வந்து என்ரை நெத்தியைத் தொட்டுப் பாத்தவ. இது என்ன எண்டு முவாங்கியிட்டைக் கேட்டவ. நான் சொன்னன், கலியாணம் முடிச்ச ஆக்கள் வைக்கிறது எண்டு. அவவுக்கு நல்ல சந்தோசம். தன்ரை காதிலை தொங்கினதைக் காட்டி, தனக்கு இது எண்டவ. பேந்து சிரிச்சுக்கொண்டு எங்கை உன்ரை ஆள் எண்டு கேக்க, முவாங்கி சிறீ அண்ணையைக் காட்டினான். சிறீ அண்ணை ஒரு அடி பின்னாலை வைச்சார் அக்கா. முதல் நாளெண்டால் பக்கத்திலை வந்து தோளை நிமித்திக்கொண்டு நிண்டிருப்பார். அண்டைக்குப் பின்னாலை போனார். நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி மணிமாலைக்கு விலை கேட்டியள்.

இதுதான் கடைசிப் படம், ஒண்டும் விளங்காது, தூசியாய்க் கிடக்கு. வரிக்குதிரையை ரெண்டு சிங்கம் விழுத்தினது. மற்றதுகள் ஓடினதுகள்தான். கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு நிண்டு திரும்பிப் பாத்ததுகள், பேந்து புல்லுத் தின்னத் தொடங்கிட்டுதுகள். நான் முவாங்கியிட்டைக் கேட்டன், ஏன் ஓடேல்லை எண்டு. ஒண்டைப் பிடிச்சிட்டுதெல்லே, இண்டைக்கு இனிப் பயமில்லை எண்டு அதுகளுக்குத் தெரியும் எண்டான். நீங்கள் அழுதியள். அண்ணையும் அழுதவர். தூசி பட்டது எண்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சவர். வரிக்குதிரைக்கு அழுகிற ஆக்களை முவாங்கி முந்திக் கண்டிருக்கமாட்டான். நான் அழேல்லை. பின்னேரம் பசிச்சது, அவிச்ச முட்டையும் பாணும் சாப்பிட்டன். வெள்ளைக்காரர் நட்சத்திரம் பாக்கப் போச்சினம், நானும் போய் அண்ணாந்து பாத்தன். நல்ல வடிவெண்டு எல்லாரும் சொல்லிச்சினம்.

இஞ்சை வர பிளேன் ஏறேக்கை நைரோபி ஏர்போட்டிலை அந்த ஒபிசர் என்னட்டைத்தான் கனக்கக் கேட்டவன். என்ன பாத்தாய், எது பிடிச்சது? நான் சொன்னன், சீற்றா, கண்ணிலை இருந்து வாய் மட்டும் கறுத்தக் கோடு எண்டு. அவன் சிரிச்சான். என்ரை பையிலை இருந்த ஒட்டகச்சிவிங்கியின்ரை தலையைத் தடவினான். சோடிக்கு நல்ல பயணம் எண்டு வாழ்த்தி முத்திரையை அடிச்சான். உங்களையும் அண்ணையையும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அருள்நாயகத்தின்ரை மந்திரம் பலிச்சுது.

இஞ்சை இறங்கி, அகதி எண்டு சொல்லி, கையெழுத்து வைச்சு, ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சம். சிறீ அண்ணை மொன்றியலுக்குப் போட்டார். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியள் நடத்தின வீட்டிலை என்னை விட்டிச்சினம். நீங்கள் என்னைக் கட்டிப் பிடிச்சு, சொல்லுவினம் மலர், எல்லாம் சொல்லுவினம் எண்டியள். என்னத்தை ஆர் சொல்லுவினம் எண்டு நான் கேக்கேல்லை. சிறீ அண்ணை சொல்லுவார் எண்டு நீங்கள் நினைச்சிருப்பியள். நீங்கள் பொம்பிளை, நீங்கள்தான் பக்குவமாச் சொல்லுவியள் எண்டு அவர் நினைச்சிருப்பார்.

ஊரிலை இருந்தோ? தங்கச்சி எழுதிறவள். மாடு கண்டு போட்டது எழுதுவாள், பள்ளிக்கூடம் பூட்டினது எழுதுவாள். அத்தானைப் பற்றி ஒரு எழுத்து இராது. அக்காவுக்கு அங்கை சொல்லியாச்சு, புண்ணைக் கிளறப்படாது எண்டு அவள் நினைச்சிருப்பாள் போலை. ஊரிலை இருக்கிறவை இஞ்சை சொல்லியாச்சு எண்டு, இஞ்சை இருக்கிறவை ஊரிலை இருந்து எழுதுவினம் எண்டு. நல்ல ஆக்கள் எல்லாரும். நானும் எங்கடை அவர் எப்பிடி எண்டு கேட்டு ஒரு வரி எழுதேல்லை.

எழும்பாதேங்கோ அக்கா. இருங்கோ. கையைத் தாங்கோ. ஏன் இப்பிடிக் குளிர்ந்து கிடக்கு?

எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்.

ஆரும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னியள். நைரோபியிலை, அந்தக் காலமை. நான் முகம் கழுவிப்போட்டு வந்து வழமை மாதிரிச் சிமிழைத் திறந்து நீட்டினன். நீங்களும் வழமை மாதிரிக் கையை நீட்டினியள். விரல் கிட்ட வந்து நிண்டுது. ஒரு கடுகளவு தூரந்தான். பேந்து கையை எடுத்திட்டியள். எனக்கு இண்டைக்கு வேண்டாம் மலர், நெத்தி கடிக்குது எண்டியள். அரை மணித்தியாலத்தாலை லிப்ஸ்ரிக்காலை பொட்டு வைச்சுக்கொண்டு கீழை வாறியள். கடிக்கிற நெத்திக்கு லிப்ஸ்ரிக் பூசுற மனிசியை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

நான் குறையாச் சொல்லேல்லை. நீங்கள் எல்லாத்தையும் சரியா நடிச்சியள் அக்கா. என்னோடை சாப்பிட்டியள், என்ரை தலையை இழுத்துப் பின்னி விட்டியள், இராவிராவா நித்திரை கொள்ளாமல் என்ரை மேலிலை கையைப் போட்டுக்கொண்டு கிடந்தியள். அந்த விரல் மட்டும் மாட்டன் எண்டிட்டுது. புருஷன் உயிரோடை இருக்கிற எந்தப் பொம்பிளையின்ரை விரலும் அப்பிடித்தான் செய்திருக்கும். தாலியற்றவளின்ரை கையாலை குங்குமம் எடுத்துத் தன்ரை தாலியிலை வைக்க ஆருக்கு மனம் வரும்? உங்கடை இடத்திலை நிண்டிருந்தால் நானும் எடுத்திருக்கமாட்டன்.

நான் சிமிழை மூடினன். பேந்து திரும்பத் திறந்து என்ரை நெத்தியிலை வைச்சன். வைக்காட்டி உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் குளறியிருந்தால் நாலு பேரும் திரும்பிப் போயிருப்பம், வதனி இண்டைக்கு இஞ்சை இல்லை. அதை யோசிச்சுத்தான் செய்தனான் எண்டு பெரிசாச் சொல்ல வரேல்லை. அப்ப ஒண்டும் யோசிக்கேல்லை. கை தன்ரை பாட்டிலை வைச்சது. அண்டையிலை இருந்து அப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் வைக்குது. எனக்கு அழுகை வரேல்லை அக்கா, இண்டைக்கு மட்டும் வரேல்லை. வருமெண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஆராவது வந்து வாயாலை ஒருக்காச் சொன்னால் வருமோ எண்டு நினைக்கிறன்.

எங்கடை அவர் எப்பிடிப் போனவர் எண்டு தெரியாது. எந்தத் திதி எண்டு தெரியாது, அதாலை திவசமும் இல்லை. ஆர் கொள்ளி வைச்சதெண்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இண்டைக்கே எல்லாம் சொல்லுங்கோ எண்டு கேக்கேல்லை, கலியாண வீடு சொல்ல வந்த மனிசியிட்டை அதைக் கேக்கக்கூடாது. ஆராத்திக்கும் வேறை ஆளைப் பாருங்கோ. வாக்கு அது இதெண்டு சும்மா உங்களைக் கிண்டிப் பாத்தனான். பிள்ளைக்கு நல்ல காரியம், நானே தட்டைத் தொடமாட்டன்.

அழாதேங்கோ. கண்ணைத் துடையுங்கோ, பஸ்ஸிலை ஆக்கள் பாப்பினம். கலியாணத்துக்கு வாறன். சட்டர்டேதானே, லீவு சொல்லிப்போட்டு வருவன், பின்வரிசையிலை இருப்பன். ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ.

பொட்டோடை வரட்டே அக்கா, பொட்டில்லாமல் வரட்டே?